ஸ்டார்ட்டரை இருமுறை மாற்றியும் தீராத கரகரப்பு

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து அண்மையில் வந்த நான்கு கடிதங்களும் பழைய டீசல் வண்டிகளின் ஸ்டார்ட்டரைப் பற்றியே பேசுவதால், அவற்றை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறேன். முதல் கடிதத்தின் பதில் நீண்டுவிட்டது. அதைப் படித்தவர்களுக்கு மற்றவற்றில் பாதி ஏற்கெனவே விளங்கிவிடும் என்பதால் பின்னவை சுருக்கமாக உள்ளன.

கேள்வி: ஐயா, வணக்கம். தோட்ட அலுவலகத்தில் கிராணியாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது சுங்கை சிப்புட் பட்டணத்தில் குடியிருக்கிறேன். என்னிடம் 1983ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 240டி, நான்கு கியர் கொண்ட மேனுவல் கார் இருக்கிறது. சில நாள்களில் சாவியைத் திருப்பியதும் இரும்பும் இரும்பும் உரசுவதுபோல் கரகரவென்று ஓசை எழுகிறது, இஞ்சின் சுற்றுவதில்லை. இரண்டு, மூன்று முறை திருப்பினால் பிடித்துக்கொள்கிறது. இதற்காக ஒரு ரீகண்டிஷன் ஸ்டார்ட்டரை மாட்டினேன். சில மாதங்களில் அதே ஓசை திரும்பியது. வேறொன்றை மாட்டியும் பயனில்லை. இப்போது மெக்கானிக், ஃப்ளைவீல் பல் தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார். பிள்ளைகள் காரை விற்றுவிடச் சொல்கிறார்கள். காலை வேளைகளில் இஞ்சின் உயிர்பெற நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக் சொல்வதை நம்பலாமா? கியர்பாக்ஸை இறக்காமல் வேறு வழி உண்டா?

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் கியர்பாக்ஸை இறக்கும் கூலியைக் கொடுப்பதற்கு முன் அதைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. அதைச் செய்யாமல் இறக்கச் சம்மதிக்காதீர்கள். அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொன்னதுபோல் வந்திருக்கிறது. காலையில் நெடுநேரம் சுழற்ற வேண்டியிருக்கிறது என்கிறீர்களே, அதுதான் நோய். பல் தேய்ந்தது அதன் விளைவு. விளைவை மட்டும் சரிசெய்து நோயை விட்டுவைத்தால், புதிய பற்களும் அதே வழியில்தான் போகும்.

இஞ்சினின் பின்முனையில் அதனோடு சுழலும் கனத்த சக்கரமே ஃப்ளைவீல். அதன் விளிம்பைச் சுற்றிப் பற்கள் வெட்டிய எஃகு வளையம் ஒன்று இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். அதையே ரிங் கியர் என்கிறோம். சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டரின் மேல் அமர்ந்திருக்கும் சோலனாய்டு என்ற மின்காந்த விசை ஒரு நெம்புகோலை இழுக்க, அந்த நெம்புகோல் பினியன் என்ற சிறிய பல்சக்கரத்தை முன்னே தள்ளி ரிங் கியரின் பற்களுக்கிடையே நுழைக்கிறது. நுழைந்த பிறகே மோட்டாருக்கு முழு மின்சாரம் போகிறது. பினியனுக்கு ஒன்பது, பத்துப் பற்களும் ரிங் கியருக்கு நூற்றுக்கு மேற்பட்ட பற்களும் இருப்பதால், இஞ்சின் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பினியன் பன்னிரண்டு, பதின்மூன்று சுற்றுகள் சுற்றிவிடும். உங்கள் காரின் இஞ்சினில் காற்று ஏறத்தாழ 21க்கு 1 என்ற விகிதத்தில் அமுக்கப்படுகிறது. பெட்ரோல் இஞ்சின்களில் அந்த விகிதம் பெரும்பாலும் இதில் பாதிதான். ஆகவே ஒவ்வொரு முறையும் அந்தச் சிறு பற்களின் மேல் விழும் சுமை மிகப் பெரியது. நுழையும் முனைதான் முதலில் அடிபட்டு மழுங்கும். மழுங்கிய முனையில் பினியன் பாதி நுழைந்து வழுக்கும்போது எழுவதே நீங்கள் கேட்கும் கரகரப்பு.

அந்த ஓசை ஒரு நாள் வருகிறது, மறுநாள் வராமல் போகிறது என்பதற்கும் காரணம் உண்டு. இஞ்சினை நிறுத்தும்போது அது நினைத்த இடத்தில் நிற்பதில்லை. கடைசியாக அமுக்கத்துக்கு வரும் பிஸ்டன், மேல் முனையைத் தாண்ட வலுவில்லாமல் காற்றால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, நடுவழியில் அடங்கி நிற்கும். நான்கு சிலிண்டர் இஞ்சினில் அமுக்கம் 180 பாகைக்கு ஒருமுறை வருவதால், ஃப்ளைவீல் எப்போதும் எதிரெதிரான இரண்டு இடங்களில் ஏதேனும் ஒன்றில்தான் வந்து நிற்கும். அந்த இரு இடங்களிலுள்ள சில பற்கள் நாற்பது ஆண்டுகளாக அடி வாங்கியிருக்க, மற்றப் பற்கள் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். ஆறு சிலிண்டர் வண்டியில் இத்தகைய இடங்கள் மூன்று. உங்கள் காரின் அண்ணனான ஐந்து சிலிண்டர் 300டி காரில் ஐந்து. இரண்டு இடங்களில் ஒன்று மற்றதைவிட மோசமாகத் தேய்ந்திருப்பதுதான் வழக்கம் என்பதால், இஞ்சின் எந்தப் பக்கம் நின்றது என்பதைப் பொறுத்து உங்களுக்கு ஒரு நாள் நல்ல நாளாகவும் ஒரு நாள் கெட்ட நாளாகவும் அமைகிறது. புதிய ஸ்டார்ட்டர் மாட்டியதும் சில மாதங்கள் அடங்கியிருந்ததும் இதனால்தான்: கூர்மையான புதிய பினியன், தேய்ந்த பற்களின் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது; தானும் மழுங்கியவுடன் விட்டுவிட்டது.

ஒரு வெள்ளிகூடச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. அடுத்த முறை கரகரப்பு எழுந்தால் மறுபடியும் சாவியைத் திருப்பாதீர்கள். சாவியை எடுத்துவிட்டு, சமதரையில், நான்காம் கியரில் காரை மெதுவாக முன்னே தள்ளுங்கள். இந்தக் காரில் நான்காம் கியர் நேர் விகிதம், அதாவது 1க்கு 1. பின் அச்சின் விகிதம் 3.69. சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டால், கார் ஏழு சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஃப்ளைவீல் 45 பாகை திரும்பிவிடும். தள்ளியவுடன் கியரை எடுத்துவிட்டால், அமுங்கிய காற்று இஞ்சினைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடக்கூடும்; ஆகவே காரைப் பிடித்தபடி அரை நிமிடம் கியரிலேயே விட்டு, காற்று கசிந்து அடங்கிய பிறகு நியூட்ரலுக்கு மாற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது ஓசையின்றிச் சுழன்றால் ரிங் கியரில் இடம் இடமாகத் தேய்வு இருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. எந்த இடத்தில் நிறுத்தினாலும் கரகரப்பு மாறவில்லை என்றால், குற்றம் ஸ்டார்ட்டரின் பினியனிலோ அதன் போல்ட்டுகளிலோ இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லை.

இதற்கு அடுத்தது கண்ணால் பார்ப்பது. ஸ்டார்ட்டரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கேபிளுக்கு இடையில் ஃபியூஸ் கிடையாது. ஸ்பானர் ஒன்று அதையும் இஞ்சினையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் ஸ்பானர் சிவக்கும், பேட்டரி வெடிக்கவும் கூடும். காருக்கு அடியில் போகும் யாரும் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகக் கூடாது. ஸ்டார்ட்டரை எடுத்தபின் அந்தத் துளை வழியாக டார்ச் லைட்டை அடித்து, முன்புறத்தில் கிராங்க் (இஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டு) புல்லியின் போல்ட்டில் நீண்ட கைப்பிடியுடன் ஸ்பானரை மாட்டி, இஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே மெல்லத் திருப்பி, ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். சிலிண்டருக்குள் காற்றைச் சூடேற்றும் குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டால் திருப்புவது எளிது. ஆனால் பல ஆண்டுகளாகத் தொடப்படாத குளோ பிளக் முறிந்துவிடும் அபாயம் இருப்பதால், கழற்ற வராததை வற்புறுத்த வேண்டாம். தேய்ந்த பல் கண்ணில் பட்டதும் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள்.

பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் பட்டறைகள் தவறுவதை அதிகம் காண்கிறேன். எதிரெதிரே இரண்டு இடங்களில் தேய்வு இருந்தால் அது வயதின் தேய்வு. யாரையும் குறைசொல்ல முடியாது. சுற்றிலும் எல்லாப் பற்களின் முனையும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் ஸ்டார்ட்டர் சரியான தூரத்தில் உட்காரவில்லை, அல்லது மோட்டார் பினியன் நுழைவதற்கு முன்பே சுழலத் தொடங்குகிறது என்று பொருள். அந்த நிலையில் புதிய ரிங் கியரை மாட்டினால் அதையும் தின்றுவிடும். ஓரிடத்தில் மட்டும் ஒன்றிரண்டு பற்கள் உடைந்திருந்தால், இஞ்சின் முழுமையாக நிற்பதற்கு முன் யாரோ சாவியைத் திருப்பியிருக்கிறார்கள், அல்லது பினியன் உடைந்து உள்ளே விழுந்திருக்கிறது. ஃப்ளைவீலை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் உறைக்குள் அந்தத் துண்டு கிடக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். தேய்வு பல்லின் அகலத்தில் கால் பங்குக்கும் குறைவாக இருந்து, முனையில் பிசிறு மட்டுமே நிற்கிறது என்றால், அந்தப் பிசிறைச் சிறு அரத்தால் அதே துளை வழியாக ராவி எடுத்துவிட்டுப் புதிய பினியனை மாட்டி ஓட்டலாம். இது நிலையான தீர்வு அன்று. இன்னும் ஓரிரு ஆண்டுகளில் கிளட்ச் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கப்போகிறது என்றால், அதுவரை காத்திருக்க உதவும். பாதிப் பல் போயிருந்தால் காத்திருப்பதில் பயனில்லை.

கையில் வாங்கிய ரீகண்டிஷன் ஸ்டார்ட்டர் இரண்டையும் ஒருமுறை சந்தேகத்துடன் பாருங்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு ஸ்டார்ட்டர்களில் ஒன்றுக்கு ஒன்பது பற்களும் மற்றொன்றுக்குப் பத்துப் பற்களும் இருக்கலாம். போல்ட் துளைகள் பொருந்திவிடும், பற்கள் பொருந்தாது. பழையதையும் புதியதையும் மேசைமேல் பக்கத்தில் பக்கமாக வைத்து, பற்களை எண்ணி, பினியனின் குறுக்களவையும் அது முழுமையாக நீளும்போது எவ்வளவு தூரம் வருகிறது என்பதையும் அளந்து பார்க்காமல் எந்த ஸ்டார்ட்டரையும் மாட்டக் கூடாது. ஓய்வில் இருக்கும்போது பினியனுக்கும் ரிங் கியருக்கும் இடையில் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதை உட்காரவைக்கும் தளத்தில் செம்மண்ணும் துருவும் படிந்திருந்தால் ஸ்டார்ட்டர் ஒரு சாய்வில் உட்காரும். தோட்டத்து மண்சாலையில் ஓடும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. கம்பித்தூரிகையால் அந்தத் தளத்தைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது.

இனி கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும் என்று முடிவானால், ஃப்ளைவீலையே மாற்ற வேண்டும் என்பதில்லை. ரிங் கியர் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. ஈப்போவிலுள்ள உதிரிபாகக் கடைகளில் பாகத்தின் எண்ணைச் சொல்லி வரவழைக்கலாம். பழைய வளையத்தின் இரு பற்களுக்கிடையே துளையிட்டு உளியால் பிளந்தால் கழன்றுவிடும். புதியதைச் சூடாக்கி இறக்க வேண்டும். முப்பது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள எஃகு வளையத்தின் வெப்பத்தை 200 பாகை செல்சியஸ் உயர்த்தினால் அதன் குறுக்களவு சுமார் 0.7 மில்லிமீட்டர் விரியும். குளிர்ந்த ஃப்ளைவீலின்மேல் அது தானாகவே விழுந்து உட்காரும். இதற்குப் பட்டறையில் கேஸ் டார்ச்சைப் பிடித்து ஓரிடத்தைச் சிவக்கக் காய்ச்சினால், அந்த இடத்துப் பற்களின் கடினத்தன்மை போய்விடும். ஆறு மாதத்தில் மறுபடியும் என்னிடம் கடிதம் எழுதுவீர்கள். பளபளப்பான எஃகு வெளிர்மஞ்சள் நிறத்துக்கு வந்தால் போதும். நீலத்துக்குப் போனால் அளவு மீறிவிட்டது. ரொட்டி சுடும் மின் அடுப்பில் 230 பாகையில் வைத்து எடுப்பதே சீரான வழி. உட்கார்ந்தபின் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கக் கூடாது. பற்களின் சரிவாக வெட்டிய பக்கம் பினியன் வரும் பக்கத்தை நோக்கி இருக்கிறதா என்பதைச் சூடாக்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். தலைகீழாக இறங்கிவிட்டால் அதைப் பிளந்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புதிய ரிங் கியர் கிடைக்காத வண்டிகளுக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. நான்கு சிலிண்டர் இஞ்சினில் தேய்ந்த வளையத்தைப் பிளக்காமல் சூடாக்கிக் கழற்றி, 90 பாகை திருப்பி, அதே ஃப்ளைவீலில் மறுபடியும் இறக்கிவிடலாம். பால் வெட்டும் ரப்பர் மரத்தில் ஒரு பக்கத்துப் பட்டை தீர்ந்ததும் மறுபக்கத்தில் கோடு போடுவதைப்போல, இஞ்சின் நிற்கும் இடங்களுக்கு இதுவரை அடிபடாத பற்கள் வந்து சேரும். ஆறு சிலிண்டருக்கு இந்தத் திருப்பம் 60 பாகை. ஆனால் வளையத்தைத் திருப்பலாமே தவிர, ஃப்ளைவீலைக் கிராங்கில் வேறு நிலையில் திருப்பி மாட்டக் கூடாது. உங்கள் இஞ்சினில் கிராங்கும் ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று சமநிலை பார்க்கப்பட்டவை. கழற்றும் முன் இரண்டிலும் குறியிட்டு, அதே நிலையில்தான் மாட்ட வேண்டும். ஃப்ளைவீலின் போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும் வகையைச் சேர்ந்தவை என்பதால் புதியவற்றையே போடுவது நல்லது.

கூலிதான் இந்த வேலையில் பெரும் செலவு. ரிங் கியரின் விலை அதற்கு அருகில்கூட வராது. ஆகவே கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுங்கள். எண்ணெய் கசியாமல் தடுக்கும் கிராங்கின் பின்புற ‘சீல்’ என்ற அடைப்பையும் மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் சற்று யோசியுங்கள்: இந்த இஞ்சினில் அது இரு பாதிகளாக அமையும் கயிறு வகைச் சீல், கியர்பாக்ஸை இறக்குவதால் மட்டும் அதை எட்டிவிட முடியாது. எண்ணெய் கசியவில்லை என்றால் அதைத் தொட வேண்டாம்.

இப்போது நோய்க்கு வருவோம். நல்ல நிலையிலுள்ள 240டி, நம் நாட்டு வெப்பத்தில், குளோ பிளக் விளக்கு அணைந்தபின் இரண்டு மூன்று விநாடிச் சுழற்சியில் உயிர்பெற வேண்டும். அதற்கு மேல் ஆகிறது என்றால் நான் முதலில் டீசல் குழாய்களில் காற்று நுழைகிறதா என்று பார்ப்பேன். இரவு முழுவதும் நிற்கும் காரில், வெடிப்பு விட்ட ரப்பர் குழாய் வழியாகக் காற்று புகுந்து, டீசல் டேங்கை நோக்கிப் பின்வாங்கிவிடும். காலையில் அதை மறுபடியும் இழுத்து வரும்வரை ஸ்டார்ட்டர் வீணே சுழன்றுகொண்டிருக்கும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு இடையே ஓடும் நூல் பின்னிய மெல்லிய திரும்பு குழாய்களும், இன்ஜெக்‌ஷன் பம்பின் பக்கத்திலுள்ள கையால் அழுத்தும் பழைய பம்பும் இதில் வழக்கமான குற்றவாளிகள். நம் நாட்டில் போக்குவரத்துக்கான டீசலில் 2019ஆம் ஆண்டிலிருந்து பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து பெறப்படும் மெத்தில் எஸ்டர் (பயோடீசல்) கலக்கப்படுகிறது. 1983இல் செய்த ரப்பருக்கு அந்த எஸ்டர் ஒத்துவராது. வீங்கி, மென்மையாகி, வெடிப்பு விடும். பழைய டேங்கின் அடியில் படிந்திருந்த கசடையும் அது கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரில் சேர்க்கும். இதற்காகச் செம்பனையைக் குறைசொல்ல நான் வரவில்லை. அதனால் நம்மில் பலர் சாப்பிடுகிறோம். எஸ்டரைத் தாங்கும் குழாய்களை மீட்டர் கணக்கில் வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி, இரு டீசல் ஃபில்டர்களையும் மாற்றிவிட்டால் இந்தப் பேச்சு முடிந்தது.

குளோ பிளக் நான்கும் வேலை செய்கின்றனவா என்பதை மல்டிமீட்டரால் அறியலாம். 1983ஆம் ஆண்டின் காரில் இருப்பவை தனித்தனியே மின்சாரம் பெறும் பென்சில் வகை. வயரைக் கழற்றி அளந்தால் நல்லது ஒரு ஓம் அளவுக்கோ அதற்குக் குறைவாகவோ காட்டும், செத்தது முடிவிலியைக் காட்டும். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றால் இஞ்சின் ஒருவாறு பிடித்துக்கொள்ளும் என்பதால் பலர் கவனிப்பதே இல்லை. வால்வு இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள்: குளிர்ந்த இஞ்சினில் உள்வால்வுக்கு 0.10 மில்லிமீட்டரும் வெளிவால்வுக்கு 0.30 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். ஓட ஓட இந்த இடைவெளி இறுகி, அமுக்கம் குறைந்து, காலைத் தொடக்கம் தாமதமாகும்.

விற்பதா, வைத்திருப்பதா என்பதில் பிள்ளைகளின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு உயர்ந்தபோதே பழைய டீசல் காரின் கணக்கு மாறிவிட்டது. ஆனால் தேய்ந்த ரிங் கியருக்காக மட்டும் ஒரு நல்ல காரை விற்பதை நான் ஏற்கமாட்டேன். அடித்தகடு துருவால் உளுத்திருந்தால் விற்றுவிடுங்கள். அது உறுதியாக இருந்தால் முதலில் குழாய்களையும் குளோ பிளக்குகளையும் சரிசெய்து, பிறகு கியர்பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் கோலகங்சார் அருகே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் கணவரின் பழைய டீசல் பிக்கப்பில் சாவியைத் திருப்பினால் சில வேளைகளில் ‘டொக்’ என்று ஒரே ஓசை, வேறெதுவும் நடப்பதில்லை. பத்து முறை திருப்பினால் பதினோராவது முறை நன்றாகச் சுழல்கிறது. இதுவும் ஃப்ளைவீல் பல்லின் கோளாறா?

பதில்: இல்லை, அம்மா. பல்லில் கோளாறு இருந்தால் உரசும் ஓசை கேட்கும். ஒரே ஒரு ‘டொக்’ என்பது சோலனாய்டு பினியனைத் தள்ளிவிட்டது, ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் சேரவில்லை என்பதைக் காட்டுகிறது. முதலில் மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளில் வையுங்கள்: ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், ஸ்டார்ட்டர் சுழலும்போது 10 வோல்ட்டை ஒட்டியும் இருந்தால் பேட்டரி நலம். அடுத்து, ஒருவர் சாவியைத் திருப்பும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இஞ்சின் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் உளுத்திருக்கிறது. நம் ஈரப்பதத்தில் கேபிளின் நுனி வெளியே பளபளவென்று இருந்தாலும் உறைக்குள் பச்சை பிடித்திருக்கும்.

இரண்டும் சரியாக இருந்தால் சோலனாய்டுக்குள் இருக்கும் செப்புத் தொடுமுனைகள் தேய்ந்துவிட்டன. ஜப்பானியப் பிக்கப்புகளில் வரும் கியர் வைத்த ஸ்டார்ட்டர்களில் இது மிகச் சாதாரணம். வயரிங் கடையில் முழு ஸ்டார்ட்டரையும் மாற்றச் சொல்வார்கள். செப்புத் தொடுமுனைகளும் நடுத்தண்டும் மட்டும் தனியாகக் கிடைக்கும், சில பத்து வெள்ளியில் வேலை முடியும். திறந்ததும் கார்பன் பிரஷ்களின் நீளத்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பத்து முறை திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு ‘டொக்’கும் அந்தச் செம்பை இன்னும் கொஞ்சம் எரிக்கிறது.

கேள்வி: அண்ணன் அவர்களுக்கு, நான் சுங்கை சிப்புட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பழகுகிறேன். தேய்ந்த ரிங் கியரின் பற்களை வெல்டிங் செய்து நிரப்பி, அரத்தால் வடிவம் கொடுத்தால் போதாதா? என் மாமா தோட்டத்து டிராக்டருக்கு அப்படித்தான் செய்தார். பல ஆண்டுகள் ஓடியது.

பதில்: தம்பி, உங்கள் மாமா செய்தது டிராக்டருக்கு ஓடியிருக்கும், நம்புகிறேன். உதிரிபாகம் கப்பலில் வர மாதக்கணக்கில் காத்திருந்த காலத்தில் அது கெட்டிக்காரத்தனம். ஆனால் ரிங் கியரின் பற்கள் வெப்பப் பதம் கொடுத்த எஃகு. வெல்டிங் வைத்த இடம் ஒன்று கண்ணாடிபோல் நொறுங்கும் அல்லது பக்கத்துப் பற்கள் பதமிழந்து மென்மையாகும். வளையம் சூட்டில் விரிந்து ஃப்ளைவீலின் மேல் தளர்ந்துபோவதும் உண்டு. தளர்ந்த வளையம் ஓடும்போது நழுவினால் பெல் ஹவுசிங்கையே கிழித்துவிடும். டிராக்டர் இஞ்சின் மெதுவாகச் சுற்றுவது, காரின் இஞ்சினோ நிமிடத்துக்கு நான்காயிரம் சுற்றுக்கு மேல் போவது. சாலையில் ஓடும் வண்டிக்கு இதைச் செய்யாதீர்கள்.

அதைவிட நல்ல வேலை உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. வளையத்தைத் திருப்பி இறக்குவதைப் பற்றி முதல் பதிலில் சொல்லியிருக்கிறேன்; அதைச் சீராகச் செய்ய உங்கள் ஊரில் ஒருவர் பழகிக்கொண்டால், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தேடி வருவார்கள். ஒரு எச்சரிக்கை: புதிய டீசல் பிக்கப்புகள் சிலவற்றில் ஃப்ளைவீல் இரண்டு எடைகளாக, நடுவில் சுருள்வில் வைத்து அமைந்திருக்கும். அதன் உள்ளே கிரீஸும் வில்களும் இருப்பதால் அதன்மேல் டார்ச்சைப் பிடிக்கவே கூடாது.

கேள்வி: ஐயா, செம்பனைத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய டீசல் வேன் என்னுடையது. ஸ்டார்ட்டர் கரகரப்பதால் மாலையில் மேட்டில் நிறுத்தி, காலையில் இறக்கத்தில் உருட்டி இரண்டாம் கியரில் ஸ்டார்ட் செய்கிறேன். இதனால் பற்கள் மேலும் தேயாமல் தப்புமா?

பதில்: ஸ்டார்ட்டரைத் தொடாத நாளில் பற்கள் தேயா என்பது உண்மைதான். ஆனால் நடுவழியில் இஞ்சின் நின்றுவிட்டால் சமதரையில் அந்தத் தேய்ந்த பற்களைத்தான் நம்பவேண்டும். அப்போது இஞ்சின் முழுமையாக நின்றபின் ஐந்து விநாடி பொறுத்துச் சாவியைத் திருப்புங்கள். நிற்கும் தறுவாயில் இஞ்சின் பின்னோக்கி அசையும். அந்நேரம் பினியன் நுழைந்தால் பல் உடையும். பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுழற்றாமல், ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடியும் முயலுங்கள்.

உருட்டுவதில் எனக்கு உள்ள கவலை வேறு. டீசல் இஞ்சினில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை இஞ்சினால் இயங்கும் பம்புதான் உண்டாக்குகிறது. இரவு முழுவதும் நின்ற வேனில் அது வடிந்திருக்கும். உருளும் வேனில் பிரேக் மிதி கல்போல் இறுகிப்போகும், பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் உதவாது. சாவியைத் திருப்பாமல் உருட்டினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். பழுது பார்க்கும்வரை உருட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஆட்களை இறக்கிவிட்டு, முன்னே யாரும் இல்லாத நேரான சரிவில், சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, கைபிரேக்கில் ஒரு கையுடன் உருட்டுங்கள். இஞ்சின் ஓடி, பிரேக் மிதி இளகிய பிறகு ஆட்களை ஏற்றிக்கொள்ளுங்கள்.